போட்ட கைதான் கலைக்கணும்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி இடது பக்கச் சந்தில் ஆட்டோ திரும்பியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சந்து முனை காபிக் கடையில் நாலைந்து வெள்ளைக்காரர்கள் காவி வேட்டி கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நம்மூர் ஆள் அப்படி உட்கார்ந்திருந்தால் பட்டப்பகலிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்பார்கள். அவர்கள் உட்கார்ந்தால் ஞானம். வேறு நாளாக இருந்தால் கவிநிலா சிரித்திருப்பாள். அன்றைக்கு ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி வீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வேடம் கிடைத்திருக்கிறது. வசனம் உள்ள முதல் வேடம்.

தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள். அதை வைத்துக்கொண்டு பேங்க் பரீட்சை எழுதாமல் ஆடப் போய்விட்டாள் என்று அப்பா இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சென்னையில் இரண்டு படங்களில் கூட்டத்தோடு ஆடியிருக்கிறாள். முதல் படத்தில் அவளுடைய முழங்கை தெரியும். இரண்டாவதில் அதுவும் இல்லை. இந்த நாடகமும் கைவிட்டால் தை மாசம் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று அம்மா வெள்ளையம்மாள் கெடு வைத்திருந்தாள்.

ஆட்டோ நின்ற வீடு மாடி வைத்த பழைய வீடு. வாசல் சுவரில் 'லேகா இல்லம்' என்று சிமெண்டில் பதித்த எழுத்தின் மேலேயே 'லேகா ஹோம் ஸ்டே' என்று நீலப் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். கேட்டைத் திறந்ததும் மல்லிகை வாசனை அடித்தது. ரெண்டடி உள்ளே போனால் தேங்காயெண்ணெய். கூடத்துக்குள் கால் வைத்ததும் அந்த இரண்டுக்கும் கீழே வேறொன்று. பீரோவுக்குப் பின்னால் என்றைக்கோ செத்துக் காய்ந்துபோன எலியின் மேல் யாரோ ரோஸ் பவுடர் கொட்டிய மாதிரி.

"வா பாப்பா, வா வா. எங்கம்மாவே நடந்து வர்ற மாதிரி இருக்கு!"

சகாதேவன். அறுபதைத் தாண்டிய ஆள். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்ராட்சம். அம்மா என்று சொன்னபோது கை நெஞ்சுக்குப் போனது. கண் மட்டும் கவிநிலாவின் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் இறங்கி, நிதானமாக மேலே ஏறியது.

அவன் சொன்ன அம்மா அவனைப் பெற்றவள் இல்லை. லேகாஸ்ரீ. இந்த ஊர்க்காரி. வீட்டில் வைத்த பேர் ரேணுகாம்பாள். கவிநிலா நடிக்க வந்திருப்பது அவளுடைய கதையில்தான். எழுதி, பணம் போட்டு, நடத்துவது எல்லாம் சகாதேவன். லேகாஸ்ரீக்கு மேனேஜராகச் சேர்ந்தவன். அவள் சாகும்போது இந்த வீடு அவன் பேரில் இருந்தது. எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கூத்தாடியின் வீட்டுக்கு யார் வாரிசு கேட்டு வரப்போகிறார்கள்?

கூடத்துச் சுவர் முழுக்க அவள் படங்கள். ரசிகை மாதிரி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்த கவிநிலாவுக்குப் போகப் போக நெஞ்சு எரிந்தது. பாவாடையும் ஜிகினாவும் போட்ட சின்னப் பெண்ணாக, திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற ரேணுகாம்பாள். மேடை ஓரம் எட்டிப் பிடிக்கிற கைகள் படத்திலேயே விழுந்திருந்தன. அடுத்தது கோடம்பாக்கம். கதாநாயகிக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. பிறகு தனிப்பாட்டு ஒன்று. அந்தப் படத்தின் ஸ்டில் நாலு மாட்டியிருந்தது. நாலிலும் இடுப்பு இருந்தது. தலை இல்லை. பிறகு கொள்ளைக்காரனின் வைப்பாட்டி, குளிக்கும்போது சுடப்படுகிறவள், வில்லன் மடியிலிருந்து தள்ளிவிடப்படுகிறவள். நாற்பதைத் தாண்டியதும் சினிமா அவளைத் துப்பிவிட்டது. ஊருக்குத் திரும்பி நாடகக் குழு வைத்தாள்.

கடைசி வரிசைப் படங்களில்தான் அவளுக்கு முகம் வந்திருந்தது. மேடை நடுவில் நின்று, வாயைத் திறந்து, யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கறுத்த முகம். கன்னத்தில் அம்மைத் தழும்பு. அரிதாரத்தையும் மீறித் தெரிந்தது.

"அது நல்லா இல்லல்ல?" என்று பின்னாலிருந்து சகாதேவன் காதுக்குப் பக்கத்தில் சொன்னான். "கெழவியாயிட்டாங்க. நம்ம நாடகத்துல அந்தப் போர்ஷன் கம்மி. கொமரியா இருந்தப்ப ஆடனதுதான் ஜாஸ்தி வெச்சிருக்கேன். ஜனம் அதைத்தான் பாக்கும்."

அவன் வாயில் பாக்கு நாற்றம். கவிநிலா ஒரு அடி தள்ளி நின்றாள். வேடம் வேண்டும். தள்ளி மட்டும்தான் நின்றாள்.

மேக்கப்புக்கு நசீம் பானு வந்தாள். லேகாஸ்ரீயின் குழுவில் கடைசிக் காலத்தில் இருந்தவள். நாற்பத்தைந்து வயசு, குண்டு உடம்பு, வாய் ஓயாது. வந்த முதல் நாளே கவிநிலாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கு மட்டும் கொஞ்சம் ஓவரு. பரவால்ல, பவுடர் வாங்குற காசு எங்கூட்டுதா?" என்றாள். கவிநிலாவுக்கு அந்தக் கணமே அவளைப் பிடித்துவிட்டது.

ஒத்திகை தினமும் மத்தியானம் மாடிக் கூடத்தில் நடந்தது. கூடத்தின் கோடியில் ஒரு அறை பூட்டியே கிடந்தது. லேகாஸ்ரீயின் மேக்கப் ரூம். இரண்டாவது நாள், பாட்டை நிறுத்திவிட்டு வசனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

தப்.

தப். தப்.

மெத்தென்ற சத்தம். மாவு உருண்டையைத் தட்டுகிற மாதிரி. கொஞ்சம் நின்று, மறுபடி.

"எலி," என்றான் சகாதேவன், கேட்காமலேயே. "போன மாசம் தங்கியிருந்த இத்தாலிக்காரி கூட இதுக்குப் பயந்துக்கினு பாதியிலயே காலி பண்ணிட்டா."

அவன் கீழே போனதும், பாவாடை தைத்துக்கொண்டிருந்த நசீம் பானு ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "எலி எங்கனா பவுடர் போடுமாடி?"

"இன்னாக்கா சொல்ற?"

"பஞ்சால கன்னத்துல ஒத்துனா இந்தச் சத்தந்தான் வரும். இருவது வருசமா கேட்டுக்கினு இருக்கேன். எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு அவளே பேச்சை மாற்றினாள். "வுடு. உன் வேலையைப் பாரு."

மூன்றாவது நாள் முகத்தில் அரிதாரம் போட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் கவிநிலா துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனாள். நசீம் பானு அவள் கையிலேயே ஒரு அடி வைத்தாள்.

"ஏய்! கைய எடு. போட்ட கைதான் கலைக்கணும்."

"படிச்ச புள்ளகிட்ட வந்து இதெல்லாம் சொல்லிக்கினு..."

"நீ படிச்சத நீயே வெச்சிக்கோ. லேகாக்கா குழுவுல இதான் ரூலு. ஏத்தனவங்க கையாலதான் வேசம் எறங்கும்னு சொல்லுவாங்க. நீயா தொடைச்சா கலரு போவும், வேசம் போவாது. ஒருவாட்டி ஆரணிப் பக்கம் நாடகம். மேக்கப் போட்டவன் நாடகம் முடியறதுக்குள்ள குடிச்சிட்டு குப்புற வுழுந்துட்டான். நீங்களே தொடைச்சிக்கங்கன்னு எல்லாரும் சொல்றோம். லேகாக்கா கேக்கல. அவனைத் தூக்கி உக்கார வெச்சி, அவன் மணிக்கட்டைப் புடிச்சி, அவன் கையாலயே மூஞ்சியத் தேச்சித் தொடைச்சிக்கினாங்க. அதுக்கப்புறந்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சாங்க."

நசீம் பானு எண்ணெய் தொட்ட பஞ்சால் கவிநிலாவின் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி இழுத்தாள். அவள் கை சூடாக, பழகிய மாதிரி இருந்தது.

"அவங்க செத்தன்னைக்குக் கூட என்னைக் கூப்ட்டான் இந்த ஆளு. டிவிக்காரங்க வர்றாங்க, மூஞ்சியப் பளிச்சினு ஆக்குன்னு. நான் மாட்டேன்னுட்டேன். பொணத்துக்குப் போட்டா யாரு எப்போ கலைக்கிறது? சண்டை போட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் இன்னா பண்ணான்னு நான் பாக்கல."

போஸ்டருக்குப் படம் எடுக்கிற நாளைப் பௌர்ணமியாகப் பார்த்து வைத்தான் சகாதேவன். நல்ல நாள் என்றான். காலையிலேயே நசீம் பானுவை, சலங்கைக்குப் புது வார் வாங்கி வா என்று தேரடி வீதிக்கு அனுப்பிவிட்டான். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் அந்த வீதிக்குள் போனவர்கள் திரும்பி வர எத்தனை நேரமாகும் என்று இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

போட்டோக்காரர் வந்துவிட்டார். நசீம் பானு வரவில்லை.

"அவ வர்ற வரைக்கும் வெளிச்சம் நிக்குமா?" சகாதேவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். "வா. நானே போட்டுவுடறேன்."

"அக்கா வந்துடட்டுங்க சார்."

"ஏன், நான் போட்டா ஆவாதா? சென்னையில உன்ன மாதிரி நூறு பொண்ணு நிக்குது பாப்பா. ஒரு போன் போட்டா போதும்."

பூட்டு திறந்தது.

நாற்றம் முதலில் வெளியே வந்தது. கெட்டுப்போன தேங்காயெண்ணெய், சிக்குப் பிடித்த முடி, பழைய வேர்வை, ரோஸ் பவுடர். கவிநிலா மூக்கை மூடாமல் இருக்கப் பாடுபட்டாள். நாலு பக்கமும் பல்பு வைத்த கண்ணாடி. பாதி பல்பு இல்லை. மேஜை மேல் ஒரு தகரப் பெட்டி. எல்லாவற்றின் மேலும் தூசு. பெட்டியின் மேல் மட்டும் தூசு இல்லை.

அவளை நாற்காலியில் உட்கார வைத்து அவன் பின்னால் நின்றான். தேவையில்லாத அளவுக்கு ஒட்டி நின்றான். அவன் விரல்கள் அவள் கழுத்தில் பூசின. கழுத்துக்குக் கீழேயும் பூசின. "மேக்கப்னா முழுசா இருக்கணும்," என்றான். கட்டை விரலால் அவள் கீழுதட்டை இழுத்துப் பிதுக்கி, "தொற வாய," என்றான். கவிநிலா பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை. எழுந்து போகலாம். போனால் தை மாசம். இன்னும் ரெண்டு நிமிஷம், இன்னும் ரெண்டு நிமிஷம் என்று உட்கார்ந்திருந்தாள். அவன்மேல் வந்த அருவருப்பில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

தப்.

தப். தப்.

அவன் கையிலிருந்த பஞ்சுதான். அதே சத்தம். கடினமாக, குளிர்ந்து, கன்னத்தில் பட்ட இடமெல்லாம் ஈரமாக ஒட்டியது. அவன் கையைத் தள்ளி நிறுத்திப் பார்த்தாள். பழுப்பேறிய பஞ்சு. ஒரு பக்கம் அமுங்கிக் குழிந்திருந்தது. கன்ன எலும்பின் வளைவு. அந்தக் குழியில் ஒரு நரைத்த முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், இது யாருது?"

"எங்கம்மாவோடது." குரலில் பெருமை. "கடைசியா அம்மாவுக்கு இதாலதான் போட்டேன். ராசியானது. அன்னைக்குத்தான் டிவியில மொத மொதல்ல அவங்கள பெரிசா காட்டுனாங்க தெரியுமா?"

போனில் அன்றைய வீடியோவை ஓடவிட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் லேகாஸ்ரீ. கறுப்பு முகமும் அம்மைத் தழும்பும் காணோம். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, அதன் மேல் ரோஸ், இழுத்து வரைந்த புருவம், ரத்தச் சிவப்பில் வாய். செத்தவளின் வாயைச் சிரிக்கிற மாதிரி வரைந்திருந்தான். தலைமாட்டில் அவன் மைக்குகளுக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தான்.

"ஐஸ் பெட்டி ஈரம். பவுடர் நிக்கவே இல்ல. மூணு தடவை அழுத்தித் தேச்சேன்."

"அப்படியேவா பொதைச்சீங்க?"

"பின்ன? கழுவியா பொதைப்பாங்க?" சிரித்தான். "சினிமாக்காரி சினிமாக்காரியாத்தான் போவணும்."

கவிநிலா முகத்தைத் திருப்பப் பார்த்தாள். அதற்குள் அவன் கடைசியாக ஒருமுறை அந்தப் பஞ்சை அவள் முகத்தில் அழுத்தினான்.

தப்.

படம் எடுக்கும்போது போட்டோக்காரர் சலித்துக்கொண்டே இருந்தார். "மேடம், கண்ண மூடாதீங்க."

"மூடலையே."

"இதோ பாருங்க, மூடியிருக்கு. இன்னொண்ணு எடுக்கறேன். ம்... திருப்பி மூடிட்டீங்க."

கண் எரிய எரிய விழித்துக்கொண்டுதான் நின்றாள். கேமராவின் பின்பக்கத்தில் காட்டினார். அத்தனை படத்திலும் அவள் கண் மூடியிருந்தது. இமை தளர்ந்து, உதடு மட்டும் சிரித்துக்கொண்டு. போட்டோக்காரர் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார். சகாதேவன் கடைத்தெருப் பக்கம் போய்விட்டான்.

கவிநிலா பாத்ரூமுக்கு ஓடினாள்.

எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தாள். பஞ்சில் ரோஸ் வந்தது. அடுத்த பஞ்சிலும் வந்தது. அதற்கடுத்ததிலும். சோப்பு போட்டாள், தேங்காய் நார் எடுத்துத் தேய்த்தாள். கீழே ஈரப் பஞ்சு குவிந்தது. நிமிர்ந்து பார்த்தால் முகம் அப்போதுதான் போட்ட மாதிரி இருந்தது. வெள்ளை. ரோஸ். வரைந்த சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை.

கன்னத்தைத் தொட்டாள். விரலுக்குக் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. மரத்துப்போய், ஐஸில் வைத்த இறைச்சி மாதிரி இருந்தது. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் ஈர மண் வாசனை. நாக்கில் மண் நெறநெறத்தது. துப்பினாள். எச்சில்தான் வந்தது. நெறநெறப்பு போகவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நசீம் பானு வந்து சேர்ந்தாள். "யப்பா, இன்னா ஜனம்! செருப்பே அந்து போச்சிடி..." என்று சொல்லிக்கொண்டே படியேறியவள், கவிநிலாவைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"யா அல்லா. இது யாரு போட்டது?"

"அவன்தான்கா. போவ மாட்டேங்குது. தொடைச்சி வுடுக்கா."

நசீம் பானு கிட்டே வந்தாள். மோந்து பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள். "இது நான் வெச்சிருக்கற பவுடர் இல்லடி. இது..." கவிநிலா பஞ்சைப் பற்றியும் வீடியோவைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது உதடு சரியாக ஒத்துழைக்கவில்லை. 'ப' வருவதற்கு வாய் மூட மறுத்தது.

"பாவிப் பய. செத்தவங்க மூஞ்சியில ஏத்திட்டு எறக்காமலே மண்ணுல வெச்சிட்டானா?" நசீம் பானுவின் கண்ணில் நீர் கட்டியது. "அதே பஞ்சை எடுத்து உனக்கும் வெச்சிட்டான். நான் தொட்டா வராதுடி. உலகத்துல யாரு தொட்டாலும் வராது. ஏத்தனவன்தான் எறக்கணும். அவன் வரட்டும்."

அவன் வந்தான். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தான். பிறகு கதவோரம் நின்ற நசீம் பானுவைப் பார்த்து, "நீ கீழ போ," என்றான்.

"போவ மாட்டேன்."

"தொடைக்கணும்னா தொடைக்கறேன். அதுக்கு மூணாவது ஆளு எதுக்கு? நான் சும்மா தொடைப்பேனா? பாப்பாவுக்குத் தெரியும். வேசம் வேணும்ல பாப்பா?" கவிநிலாவின் தோளில் கை வைத்தான். விரல்கள் அங்கேயே நிற்கவில்லை.

அது வரைக்கும் விழுங்கியதெல்லாம் அவளுக்குத் தொண்டைக்கு வந்தது.

"உன் வேசமும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்," என்றாள் கவிநிலா. வாய் ஒத்துழைக்காவிட்டாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. "எம் மூஞ்சியக் குடுடா."

அவன் கை ஓங்கினான். அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்தது அவள்தான். ஆனால் அந்தப் பலம் அவளுடையது இல்லை. அவள் விரல் குளிர்ந்து, அவன் தோலுக்குள் இறங்கியது. பிடித்த பிடியை விட அவளே நினைத்தாலும் முடிந்திருக்காது.

"ஏய்... வுடு. வுடுடி."

அவள் உதடு மூடியிருந்தது. இருந்தும் அந்தச் சொல் அவள் முகத்திலிருந்துதான் வந்தது. கரகரத்த, வயசான, மேடையின் கடைசி வரிசை வரைக்கும் போய்ப் பழகிய குரல்.

"தொடை."

சகாதேவனின் முகம் வெளிறியது. நசீம் பானு எண்ணெய்க் கிண்ணத்தையும் பஞ்சையும் அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் கையாலேயே, அவன் மணிக்கட்டை இழுத்து, அவள் முகத்தின் மேல் வைத்துத் தேய்த்தது அந்தப் பிடி. நெற்றியிலிருந்து கீழே. முதல் பஞ்சில் ரோஸ் வந்தது. இந்த முறை வந்த இடத்தில் திரும்ப முளைக்கவில்லை. இரண்டாவதில் வெள்ளை. கெட்டியாக, தயிர் மாதிரி.

மூன்றாவதில் மண்.

ஈரமான கரிசல் மண். அதில் நெளிகிற ஏதோ ஒன்று. சகாதேவன் கத்தினான். கத்திக்கொண்டே துடைத்தான். வாந்தி எடுத்தான், துடைத்தான். கை நிற்கவில்லை. பஞ்சு தீர்ந்ததும் வெறும் உள்ளங்கையால் துடைத்தான். அவள் கன்னத்தில் மெல்லச் சூடு வந்தது. வலி வந்தது. எரிச்சல் வந்தது. அவளுடைய கன்னம்.

பிடி தளர்ந்தது.

கவிநிலா தரையில் சரிந்து அழுதாள். நசீம் பானு அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சகாதேவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். ரோஸாக இருந்தன. வேட்டியில் தேய்த்தான். வேட்டி ரோஸானது. உள்ளங்கை அப்படியே இருந்தது. சுவரில் தேய்த்தான்.

அவனை அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த டாக்டருக்கும் அது இன்னதென்று தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு ரோஸாகும் என்றும், அதைப் பார்த்துக் குமட்டி எழுந்துவிடுவான் என்றும் பேசிக்கொண்டார்கள். கை கொடுத்தவர்கள் சோப்பு தேடி ஓடினார்கள். எத்தனை பெண்களின் மேல் எத்தனை காலமாக அந்தக் கை பட்டிருக்கும்! ஒருத்தியாவது துடைத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பாளா? இப்போது அவன் துடைக்கட்டும். கவிநிலாவுக்கு இரக்கம் வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவும் இல்லை.

நாடகம் நின்றுபோகவில்லை. பழைய குழு ஆட்களை நசீம் பானு ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தாள். இடுப்புப் பாட்டுகளைக் கவிநிலா வெட்டி எறிந்தாள். கறுத்த முகத்தோடு, தழும்போடு, நடு மேடையில் நின்று கேள்வி கேட்கிற லேகாஸ்ரீயைத் தானே உட்கார்ந்து எழுதினாள். வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு சாயங்காலம் அரங்கேற்றம். முன் வரிசையில் அம்மா. ஓரத்தில், வராத மாதிரி வந்து, அப்பா.

மணப்பெண் அறைதான் மேக்கப் ரூம். நசீம் பானு பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. "ஜெனரேட்டர்காரன் எங்க பூட்டான்? காசு வாங்கத் தெரியுதில்ல?" என்று திட்டுகிற குரல் இருட்டில் கேட்டது. கவிநிலா கண்ணை மூடி வசனத்தை மனசுக்குள் ஓட்டினாள். கன்னத்தில் பஞ்சு ஒற்றுவது தெரிந்தது. விளக்கு வந்ததும் மணி அடித்துவிட்டார்கள். பேச நேரமில்லை. மேடைக்கு ஓடினாள்.

அந்த நாடகம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசிக் காட்சியில் அவள் கேள்வி கேட்டபோது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத மாதிரி இருந்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "தொடைச்சி வுடுக்கா. தாகமா இருக்கு."

பஞ்சு இடது கன்னத்தில் இறங்கியது. எண்ணெய் வாசனை. விரல்கள் குளுகுளுவென்று, மெதுவாக, ஒரு குழந்தைக்குத் துடைக்கிற மாதிரித் துடைத்தன. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தைத் தொட்ட கைகளில் இவ்வளவு பதமான கை வேறில்லை. அந்தச் சுகத்தில் அவளுக்குத் தூக்கமே வந்தது.

நசீம் பானுவின் கை எப்போதும் சூடாக இருக்கும்.

கவிநிலா கண்ணைத் திறந்தாள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, கையில் எண்ணெய்ப் பாட்டிலோடு நசீம் பானு அப்போதுதான் உள்ளே வந்தாள். "ஒங்கம்மா என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு வுடவே மாட்டேங்குது..." என்றவள் அப்படியே நின்றாள். "ஏய். அதுக்குள்ள பாதிய ஏன்டி தொடைச்ச?"

"நான் தொடைக்கலக்கா."

"போட்ட கைதான் கலைக்கணும்னு எத்தினி தடவ..."

அவள் குரல் பாதியில் நின்றது. "கரண்ட் போனப்போ நான் வாசல்ல ஜெனரேட்டர்காரனோட சண்டை போட்டுக்கினு இருந்தேன். வந்து பாத்தா நீ மேடையில நின்னுக்கினு இருந்த." நசீம் பானு கிட்டே குனிந்து பார்த்தாள். "வலது கன்னம் மட்டுந்தான்டி நான் போட்டேன்."

கவிநிலா மேஜையைப் பார்த்தாள்.

வேசம் கலைக்க நசீம் பானு வாங்கி வந்த பஞ்சுக் கட்டு பிரிக்காமல் இருந்தது. அதன் பக்கத்தில் எண்ணெயில் நனைந்த பழுப்புப் பஞ்சு ஒன்று. அதில் ஒட்டியிருந்த நரைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.